கப்பலை விட்டு இறங்கு, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

டொராண்டோ கண்காட்சிக்கு நீ வரைந்த ஓவியங்களை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். நன்றாக வந்திருக்கின்றன, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதைத் திறந்தாலும் இலங்கையின் தலைமன்னார் துறைமுகம், கப்பல், தகரப் பெட்டி, அழுகிற பெண்கள். நம் அப்பாவைப் பெற்ற அப்பாயி, இந்தியாவுக்கு வந்த ‘ராமானுஜம்’ என்கிற கப்பலில் இருந்தது சில மணி நேரம். மிச்ச ஆயுளெல்லாம் இந்த நீலகிரிச் சேரம்பாடியில்தான். அதை யார் வரைவது?

இலங்கையின் 1948 சட்டத்தில் நம் மலையகத் தோட்டத் தமிழர்களுக்குக் குடியுரிமை போனது, 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவானது, இதெல்லாம் உன் குறிப்பிலேயே இருக்கிறது. கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமோடு நிறுத்திவிட்டாய். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தமிழ்நாடு அரசு ஆரம்பித்த தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ கழகம். அப்பாயி வந்தபோது இங்கே பறிக்கக் கொழுந்தே கிடையாது; காட்டை வெட்டி, குழி எடுத்து, நாற்று நட்டு, செடி பறிப்புக்கு வரும்வரை களை எடுத்ததெல்லாம் அவர் செட்டுத்தான். இடுப்பில் படங்கை, அந்த முரட்டுத் துணியை, கட்டிக்கொண்டு, அட்டை ஏறாமலிருக்கக் காலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு மழையிலேயே மலை இறங்குவார். சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்தால் விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை, எந்த சோப்புக்கும் போகாது. அந்தக் கையால்தான் தேங்காய் ரொட்டி தட்டுவார், மாசிக் கருவாடு கிடைக்காத ஊரில் நெத்திலிக் கருவாட்டைப் போட்டுக் கட்டச் சம்பல் என்கிற மிளகாய்த் துவையல் அரைப்பார், வக்கணையாகக் குறையும் சொல்லிக்கொள்வார்.

அவர்கள் வெட்டிய காடு யானைகளுடையது, அதையும் வரை. இன்றைக்கும் ராத்திரியில் லயத்து வரிசை வீடுகள் பக்கம் யானை வரத்தான் செய்கிறது. பயந்து சாகிறோம், ஆனால் அதன் மேல் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை.

பாஸ்போர்ட்டுக்காகக் கண்டியில் எடுத்த குடும்பப் படத்தை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன். அப்பாயி மடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிற பொடியன்தான் சித்தப்பா. அவரிடமே கேள்: இங்கே பள்ளிக்கூடத்தில் ‘சிலோன்காரன்’ என்று கூப்பிட்டபோது என்ன செய்தார், யாரோடு கட்டிப் புரண்டார் என்று. லேசில் சொல்லமாட்டார், நீ விடாதே. கனடாவில் பக்கத்து அறையிலேயே ஆளை வைத்துக்கொண்டு என்னிடம் கதை கேட்கிறாயே!

அப்புறம், ஊருக்கு வருவதென்றால் ஜூன், ஜூலையில் டிக்கெட் போட்டுவிடாதே. மழை பிடித்துக்கொண்டால் நீ சாமான் செட்டோடு உட்கார்ந்து எதையும் வரைய முடியாது. ஜனவரியில் வா.

உன் அண்ணன்