நன்றாகவே செய்திருந்தார்

அன்புள்ள விவியன் அம்மாவுக்கு,

உங்கள் ஊரில் வயது பார்க்காமல் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள் என்று தெரியும். ‘ஐ லவ் லூசி’ தொலைக்காட்சித் தொடரில் உங்களோடு நடித்த லூசி, அதாவது லூசில் பால், உங்களை ‘விவ்’ என்றார். எனக்கு வாய் வரவில்லை. ‘திருமதி வான்ஸ்’ என்று எழுதிப் பார்த்தேன். கடன் தவணை கேட்டு வங்கி அனுப்பும் கடிதம்போல இருந்தது. எங்கள் மொழியில் கீரை விற்பவர்கூட வாங்க வருகிறவரை அம்மா என்றுதான் அழைப்பார். அந்த அளவு உரிமையோடு எழுதுகிறேன், அதற்கு மேல் இல்லை.

இன்று ஆகஸ்ட் 17. 1979இல் இதே நாளில் கலிஃபோர்னியாவின் பெல்வடீரில் நீங்கள் கண்மூடியதை உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. நேற்றிரவு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். 2011இல் எழுதிய ஒரு கட்டுரையை இந்தத் தளத்திலிருந்து நீக்கிவிட்டேன். லூசில் பாலின் நூற்றாண்டுக்கு எழுதியது. அவர் பிறந்த ஜேம்ஸ்டவுன், கணவர் தேசி ஆர்னாஸ், பார்வையாளர்களை எதிரே உட்காரவைத்து மூன்று கேமராக்களில் படம்பிடித்த முறை, ‘ஐ லவ் லூசி’யின் ஆறு வருடங்கள் என்று எல்லாம் இருந்தது. உங்களுக்கு ஒரே ஒரு வரி:

“பக்கத்து வீட்டுப் பெண்ணாக வந்த நடிகையும் நன்றாகவே செய்திருந்தார்.”

பெயர் இல்லை. பக்கத்து வீடு என்பதும் பிழை. நீங்கள் நடித்த எதெல் மெர்ட்ஸ் அந்தக் கட்டடத்தின் வீட்டுக்காரம்மா. லூசியிடம் வாடகை வாங்குகிறவர். அதையெல்லாம்கூடத் திருத்திவிடலாம். அந்த ‘ஏ’யை என்ன செய்வது? நன்றாகச் செய்திருந்தார் என்றால் பாராட்டு. நன்றாகவே செய்திருந்தார் என்றால், ‘இந்த அம்மாவிடம் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை’ என்று பொருள். எங்கள் மொழியில் ஓர் எழுத்து போதும், ஓர் ஆளை வாசல் திண்ணையிலேயே உட்காரவைத்துவிட.

மன்னித்துவிடுங்கள். அதே மூச்சில் இதையும் சொல்லிவிடுகிறேன்: அப்போது எல்லோரும் லூசியைப் பற்றித்தான் எழுதினார்கள், நூற்றாண்டும் அவருடையது. உங்கள் நூற்றாண்டு அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2009 ஜூலையில், வந்து போயிருந்தது. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

கட்டுரையை நீக்கவைத்தது ஒரு காட்சி. 1955 ஜனவரி 31 அன்று ஒளிபரப்பான பகுதி. லூசி, அவள் கணவன் ரிக்கி, எதெல், அவள் கணவன் ஃபிரெட் நால்வரும் காரில் ஹாலிவுட்டுக்குப் போகும் வழியில் அல்புகர்க்கியில், எதெல்லின் சொந்த ஊரில், இறங்குகிறார்கள். படத்தில் வாய்ப்பு ரிக்கிக்கு. ஊரோ, நம் எதெல்தான் நட்சத்திரமாகப் போகிறாள் என்று நம்பிக் கொண்டாடுகிறது. எதெல்லும் இல்லையென்று சொல்லவில்லை. ஊர் மேடையில் அவளுக்குத் தனி நிகழ்ச்சி. அவள் பாடுகிறாள். பொறாமையில் வெந்த மற்ற மூவரும் அவள் முதுகுக்குப் பின்னால் வித்தை காட்டுகிறார்கள். சபை விழுந்து விழுந்து சிரிக்கிறது.

எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் பின்னால் நடப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். போன மாதம் ஒரு மாலை, ஏதோ நினைவாக, முன்னால் நிற்கும் உங்களை மட்டும் பார்த்தேன். அந்தக் குரல்! நியூயார்க்கின் பிராட்வே மேடைகளில் பத்து வருடத்துக்கு மேல் பழகிய குரல். ‘எனிதிங் கோஸ்’ நாடகத்தில் நாயகி எதெல் மெர்மனுக்கு உடம்பு முடியாவிட்டால் பதிலாக ஏறுவதற்கென்று வைத்திருந்த குரல். (ஓர் எதெல்லுக்காகக் காத்திருந்தவருக்குக் கடைசியில் இன்னோர் எதெல் வாய்த்தாள். இதைக் கேட்டு நீங்களே சிரித்திருப்பீர்கள்.) பின்னால் அத்தனை கூத்து நடக்கும்போதும் நீங்கள் திரும்பவில்லை, பாட்டை விடவில்லை. நீங்கள் ஒரு நொடி விட்டிருந்தால் அவர்களுடைய வித்தைக்குச் சிரிப்பே கிடையாது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடமாயிற்று.

அந்த மேடை உங்களுக்குக் கதையில் வந்த மேடை மட்டும் அல்ல. 1930இல் அல்புகர்க்கி லிட்டில் தியேட்டர் தன் முதல் நாடகத்தைப் போட்டபோது நடித்தவர்களில் நீங்களும் ஒருவர். பிறகு அந்த ஊர்க்காரர்களே பணம் திரட்டி உங்களை நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். மேடை ஏறுவதே பாவம் என்று நினைத்த தாயின் வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்கு ஓர் ஊர் செய்த சீர் அது. உங்கள் வாழ்க்கையின் அந்தப் பக்கத்தைக் கிழித்து நகைச்சுவைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். கொடுத்துவிட்டு, ஊரார் வாழ்த்தி அனுப்பிய அதே பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நாடே சிரிக்க இடம் கொடுத்து நின்றீர்கள்.

ஏன் நின்றீர்கள்? எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் வீட்டில் அக்காதான் லூசி. அந்தப் பகுதியைப் பார்த்த வாரமே அதை நடத்திக் காட்டினாள். உறவினர் நிறைந்த கூடம். நான் முன்னால் நின்று பாட வேண்டும். அவள் பின்னால் நின்று என்னென்னவோ செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். என் பாட்டு அவ்வளவு நன்றாக இருக்கிறதோ என்று சரணம் முடியும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் சிரித்தேன். அக்கா இந்தத் தளத்தைப் படிக்கிறவள். அதனால் இதோடு நிறுத்துகிறேன். அவளைப்போல ஒரு கதை சொல்ல எங்கள் குடும்பத்தில் இன்றுவரை ஆள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் கதை சொன்னால் உம் கொட்டுகிறவள் நான். உம் கொட்டுவது என்றால் உங்களுக்கு விளக்க வேண்டுமே. எங்கள் பக்கம் கதை சொல்பவர் எதிரே ஒருவர் ‘ம்’, ‘ம்’ என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ‘ம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். சரியான இடத்தில் ‘ஐயையோ’ என்று விழ வேண்டும். ஒரு கணம் முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது. லூசி தன் புதுத் திட்டத்தைச் சொல்லும்போது எதெல்லின் கண்ணில் முதலில் பயம் வந்து, அது கழன்று, ஆசை ஏறுமே, அதுதான் உம். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் நாங்கள் அந்தத் திட்டத்தை நம்பினோம். 1952இல் வந்த சாக்லேட் ஆலைக் காட்சியைத் தனியாக லூசி செய்வதாக நினைத்துப் பார்த்தேன். ஒரு பெண் கன்வேயர் முன்னால் அவதிப்படுகிறாள், அவ்வளவுதான். பக்கத்தில் இன்னொருத்தியும் வாய் நிறையத் திணித்துக்கொண்டு திருட்டு முழி முழிப்பதால்தான் அது கூட்டுக் களவாணித்தனம் ஆகிறது.

இவ்வளவு தெரிந்த நானே ஏன் அந்த வரியை எழுதினேன் என்று கேட்பீர்கள். உம் கொட்டுகிறவளுக்கு இன்னொரு உம் கொட்டுகிறவளைக் கண்டால் ஆகாது போலிருக்கிறது.

சிகாகோவைப் பற்றி விரித்து எழுத மாட்டேன். 1945இல் ‘தி வாய்ஸ் ஆஃப் த டர்ட்டில்’ நாடகத்தோடு ஊர் ஊராகப் போனபோது அங்கே உங்கள் மனம் உடைந்ததை நீங்களே பிற்பாடு வெளிப்படையாகப் பேசினீர்கள். மனநோய் என்ற சொல்லையே வீட்டுக்குள் மென்று விழுங்கிய 1950களில், நாடறிந்த நடிகை ஒருவர் மனநல அமைப்போடு சேர்ந்து நின்று ‘எனக்கும் வந்தது’ என்று சொன்னது எத்தனை பேருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்! நான் திரும்பத் திரும்ப நினைப்பது சிகாகோவுக்கு ஆறு வருடம் பிந்திய ஓர் இரவை. 1951 ஜூலை, கலிஃபோர்னியாவின் லா ஹோயா. உங்களை உடைத்த அதே நாடகம், அதே வேடம். நீங்கள் மறுபடி ஏறினீர்கள். அன்று பார்வையாளர் வரிசையில் எதெல் வேடத்துக்கு ஆள் தேடி தேசி ஆர்னாஸ் உட்கார்ந்திருந்தது உங்களுக்குத் தெரியாது. லூசி வரவில்லை, குழந்தை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. லூசியின் மனதில் எதெல்லாக இருந்தவர் நடிகை பீ பெனடெரெட். தேசியோ நாடகம் முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை, இடைவேளையிலேயே முடிவு செய்துவிட்டார். அந்த வேடத்துக்கு நீங்கள் மிகவும் அழகாக இருக்கிறீர்கள் என்பதுதான் லூசிக்கு முதலில் இருந்த குறை. கேமராவில் நான் பருத்துத்தான் தெரிவேன் என்று நீங்களே சமாதானம் சொன்னீர்கள். உங்களை நீங்களே கழித்துக்கொண்டு வாசலைத் திறந்து உள்ளே வந்திருக்கிறீர்கள், அம்மா. நான் எழுதிய அந்த ‘ஏ’யை நீங்களே தொடங்கிவைத்ததாகச் சொல்லித் தப்பிக்கலாம்தான். சொல்ல மாட்டேன்.

ஃபிரெட்டாக நடித்த பில் ஃபிராலி விஷயம். உங்களைவிட 22 வயது மூத்தவரைப் புருஷனாக்கியது உங்களுக்குப் பொறுக்கவில்லை. அப்பா வயது என்று நீங்கள் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவரும் கடைசிவரை விடவில்லை. ஃபிரெட்டையும் எதெல்லையும் வைத்துத் தனித் தொடர் எடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது அவர் சரி என்றார், நீங்கள் மாட்டேன் என்றீர்கள். பல நாள் இதற்காக உங்களைத் திட்டியிருக்கிறேன். எதெல் கதை சொல்ல, வேறு யாராவது உம் கொட்டியிருப்பார்களே! பிறகு, வெறுக்கிற மனிதரோடு தினமும் ஒரே சமையலறை செட்டில் நின்று சிரிப்பதை நினைத்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். 1966இல் அவர் இறந்த செய்தி கேட்டு நீங்கள் சொன்னதாக உலவும் வாக்கியத்தை இங்கே எழுதப் போவதில்லை. பலர் படிக்கும் இடம். உங்கள் மூன்றாவது கணவரைப் பற்றியும் எழுத மாட்டேன், அதே காரணம். நான்காவது கணவர் ஜான் டாட்ஸோடு கனெக்டிகட்டில் ஒரு வீடு, 1961க்குப் பிறகு. அது போதும்.

ஆனால் இதைக் கேட்டே ஆக வேண்டும். 1962இல் லூசி தன் புதுத் தொடருக்கு மறுபடி அழைத்தபோது, பாத்திரத்தின் பெயர் விவியன் என்றிருக்க வேண்டும், தெருவில் எதெல் என்று கூப்பிடுவதைக் கேட்டு அலுத்துவிட்டது என்றீர்கள். நியாயம். விவியன் பாக்லி விவாகரத்தானவள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் மாலை நேரத் தொடர் ஒன்றின் நிரந்தரப் பாத்திரங்களில் அவள்தான் முதல் விவாகரத்துக்காரி. பெரிய காரியம். எதெல்லை மட்டும் ஏன் அப்படி உதறினீர்கள்? நாங்கள் நேசித்தது அவளை அல்லவா? அவள் கிழட்டு உடுப்பை, அவள் பயத்தை, அவள் கொறிக்கும் தின்பண்டத்தை. உங்களுக்கு வெட்கமாக இருந்த ஒருத்தியைத்தான் எங்கள் வீட்டில் சொந்த அத்தைபோல வைத்திருந்தோம். 1954இல் துணை நடிகைக்கான எம்மி விருதைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தானே. சுடச் சுடக் கேட்டுவிட்டேன். இதை எழுதும்போதே, என்னை யாராவது வாழ்நாள் முழுவதும் ‘இன்னாரின் தங்கை’ என்றே கூப்பிட்டால் எனக்கு எப்படி இருக்கிறது என்பதும் தெரிகிறது. கேள்வியைத் திரும்பப் பெறவில்லை. பதிலும் வேண்டாம்.

வாரா வாரம் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு விமானத்தில் வந்து போனது, 1965இல் போதுமென்று விட்டது, பிறகும் லூசி கூப்பிட்டபோதெல்லாம் ஒரு பகுதி, இரண்டு பகுதி என்று வந்து நின்றது, புற்றுநோய், 1977இன் பக்கவாதம், அந்த வருடம் இருவரும் சேர்ந்து நடித்த கடைசி நிகழ்ச்சி. இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை.

உங்களுக்குத் தெரியாதவை இரண்டு. 1991 பிப்ரவரியில் ஹாலிவுட் புலவார்ட் தெருவின் நடைபாதையில் உங்களுக்கு ஒரு நட்சத்திரம் பதித்தார்கள். அதில் விவியன் வான்ஸ் என்று மட்டுமே இருக்கிறது. எதெல் இல்லை. நீங்கள் கேட்டபடியே.

இன்னொன்று அதற்கும் முந்தியது. நீங்கள் போய்ச் சில வருடங்களுக்குப் பிறகு லூசி ஒரு பேட்டியில் சொன்னார். பழைய பகுதிகளை இப்போது போட்டுப் பார்த்தால் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். அந்த நாட்களில் வேலை மும்முரத்தில் பார்க்க முடியாமல் போயிற்றாம். நீங்கள் செய்த ஒவ்வொன்றையும் இப்போதுதான் ரசித்துப் பார்க்கிறாராம்.

இந்தச் செய்தியைப் படித்ததும் முதலில் அழுகை வந்தது. அடுத்த கணம், இத்தனை வருடம் பக்கத்திலேயே நின்றவரை இப்போதுதான் பார்த்தாரா என்று அவர்மேல் ஆத்திரம். அதற்கடுத்து என் கட்டுரையின் அந்த வரி.

நேற்று நீக்குமுன் அதை ஒருமுறை முழுதாகப் படித்தேன். அக்காவைத் தொலைபேசியில் அழைத்துப் படித்தும் காட்டினேன். அவள் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. நான் நிறுத்திய இடத்தில் எல்லாம் ‘ம்’ என்றாள்.

இப்படிக்கு,
உங்களைத் தாமதமாகப் பார்த்தவள்