மிளகாய்த்தூளோடை வாற கடிதம்

கொக்குவில்

அன்புள்ள தம்பிக்கு,

போனிலை சொன்னால் "ஓமம்மா, ஓமம்மா" எண்டுபோட்டுச் சின்னவளின்ரை கையிலை குடுத்திடுவாய். அதுதான் எழுதிறன். பக்கத்து வீட்டு மாமி கனடாவுக்கு வெளிக்கிடுறா. மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் அவவிட்டைக் குடுத்து விடுறன். பனங்கட்டி வைக்கேல்லை.

வெறும் வயித்திலை சீனி 9 எண்டு நீ சொன்னவுடனை, இவனுக்கு வருத்தமே இல்லையெண்டு சந்தோசப்பட்டன். பிறகு மருந்துக்கடைப் பொடியன்தான் சொன்னான், அங்கத்தை மிசின் வேறை கணக்காம், 18ஆலை பெருக்கிப் பாக்கவேணுமாம். 162! அண்டைக்கு எனக்கு நித்திரை இல்லை.

சோத்தை விட்டிட்டன், ரெண்டு ரொட்டிதான், எண்டாலும் காலமை இறங்குதில்லை எண்டு அழுகிறாய். என்ன சாப்பிடுறாய் எண்டு எல்லாரும் கேப்பினம். நான் கேக்கிறது நீ எப்பிடிப் படுக்கிறாய் எண்டு.

எனக்கு இந்தச் சீனி வருத்தம் கண்டு 14 வருசம். முதலிலை ராவிலை நாலைஞ்சு தரம் சலத்துக்கு எழும்பி, டோர்ச் அடிச்சுக்கொண்டு கிணத்தடிப் பக்கம் போவன். வயசு போகுது, அதாலைதான் எண்டு இருந்திட்டன். ரத்தத்திலை சீனி கிட்டத்தட்ட 180ஐத் தாண்டினால் சிறுநீரகத்தாலை அதைப் பிடிச்சு வைக்கேலாதாம். சலத்தோடை விட்டிடும், போற சீனி தண்ணியையும் இழுத்துக்கொண்டு போகும். நானோ தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் பனங்கட்டியைக் கடிச்சுக் குடிச்சுக்கொண்டிருந்தன், நாட்டுச் சாமான் ஒண்டும் செய்யாது எண்டு. அதுவும் சீனிதான் மோனை. அதை நிப்பாட்டி, குளிசையும் மாத்தின பிறகு ராவிலை ஒருக்கா எழும்புறதோடை சரி.

மற்றது கந்தசஷ்டிக் கதை. உனக்குச் சொல்லேல்லை, பயப்படுவாய் எண்டு. விரதம், ஒருநேரம் பாலும் பழமும். ஆனால் சீனியை இறக்கிற கிளிக்கிளசைட் குளிசையை வழமைபோலை போட்டுக்கொண்டன். ராத்திரி ரெண்டு மணியிருக்கும், ஆரோ என்னைக் கிணத்துக்குள்ளை தள்ளுறமாதிரிக் கனவு. முழிச்சால் தலகணியெல்லாம் வேர்வையிலை தொப்பு தொப்பெண்டு நனைஞ்சுபோச்சு, கை நடுங்குது. மிசினிலை 54. நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணியிலை கரைச்சுக் குடிச்சு, கால் மணித்தியாலத்தாலை திரும்பக் குத்திப் பாத்து, ஏறினாப் பிறகுதான் ரெண்டு பிஸ்கற் சாப்பிட்டுப் படுத்தன். சீனி கூடினாலும் நித்திரை கெடும், குறைஞ்சாலும் கெடும். நீ போடுற குளிசை அந்தமாதிரி இறக்கிறதோ எண்டு கேட்டு வை.

கால் எரிவையும் சொல்லவேணும். பகலிலை தெரியாது, படுத்தாப்போலைதான் உள்ளங்காலிலை மிளகாய்த்தூள் பூசினமாதிரி இருக்கும். கிளினிக்கிலை வெறும் வயித்திலை ரத்தம் எடுப்பினம், தாளைப் பாத்து மருந்து எழுதுவினம். ராவு எப்பிடிப் போகுது எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் வாய் திறக்கேல்லை, என்ரை பிழையும்தான். புதிசாய் வந்த டொக்டர்ப் பிள்ளைதான் கேட்டா. கனகாலம் சீனிக்கு மெற்போமின் குளிசை போட்டால் விற்றமின் பி12 குறையலாமாம், அதாலையும் கால் எரியலாமாம். பாத்தால் எனக்குக் குறைவு. அதுக்கும் மருந்து தந்தா.

இனி உன்ரை விசயம். மருமகள் சொன்னவ, குறட்டைச் சத்தம் திடீரெண்டு நிண்டிடுமாம், அவ எண்ணிக்கொண்டு இருப்பாவாம், பிறகு நீ திணறி மூச்சை இழுப்பியாம். நீ அதைச் சொல்லிச் சிரிக்கிறாய். கொப்பரும் இப்பிடித்தான் விட்டவர், முத்தத்து நாய் எழும்பிக் குலைக்கும், நாங்களும் சிரிச்சனாங்கள். பகலிலை பேப்பரும் கையுமாய்த் தூங்கி விழுவார். பிறஷர் மூண்டு குளிசைக்கும் அடங்கேல்லை. இப்ப நினைக்க வயித்தைப் பிசையுது.

டொக்டர்ப் பிள்ளையிட்டை உன்னைப்பற்றிக் கேட்டன். நித்திரையிலை தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் போற வழி அடைபடுமாம், ஸ்லீப் அப்னியா எண்டு பேராம். ஒட்சிசன் இறங்க உடம்பு வெருண்டு அட்ரினலினை விடும், அது ஈரலிலை கிடக்கிற சீனியை அவிழ்த்து விடும். நீ சாப்பிடாமலே காலமை ஏறி நிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணமாய் இருக்கலாமாம். இதுக்குள்ளை நீ இரவு ரெண்டு மணிக்கு வேலை முடிச்சு வந்து, ஏழு மணிக்குப் பிள்ளையளைப் பள்ளிக்கூடம் ஏத்த எழும்புறாய். நித்திரை குறைஞ்ச உடம்பு இன்சுலினுக்கும் சொல்வழி கேளாது. நித்திரைக் குளிசை ஒண்டும் நீயாய் வாங்கிப் போடாதை, சில குளிசை தொண்டையை இன்னும் தளர்த்திப்போடுமாம். அந்தத் தூக்கக் கலக்கத்தோடை கார் ஓடுறதை நினைச்சால் எனக்கு நெஞ்சு பதறுது.

மருமகளிட்டை, ஒரு ராவு உன்ரை குறட்டையைப் போனிலை பிடிச்சு வைக்கச் சொல்லியிருக்கிறன். அதை டொக்டருக்குப் போட்டுக் காட்டு. நித்திரையிலை மூச்சைப் பாக்கிற சோதனை இருக்காம். காத்தைத் தள்ளுற மிசின் பூட்டவேணும் எண்டு சொன்னால் பூட்டு. யானைத் தும்பிக்கைமாதிரி இருக்கும், பிள்ளையள் சிரிச்சால் சிரிக்கட்டும்.

தூள் இந்தமுறை உறைப்புக் கூட, பாத்துப் போடச் சொல்லு.

அம்மா