வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட பழைய வீடு முழுக்க ஈரம், பூஞ்சை – புகார்

பெறுநர்: கஸ்டமர் சர்வீஸ் மேனேஜர் அவர்கள்

வணக்கம் சார்,

போன்ல, மெயில்ல, உங்க ஆப்ல, நேர்லன்னு எல்லா வழியிலயும் சொல்லிப் பார்த்துட்டேன், ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு கம்ப்ளெயின்ட் நம்பர் கொடுக்கறீங்க, பழைய நம்பரை முடிஞ்சுதுன்னு மூடிடறீங்க, சுவர் மட்டும் அப்படியே நனைஞ்சு கிடக்கு. அதனாலதான் நேரா உங்களுக்கே எழுதறேன். தயவுசெஞ்சு முழுசா படிங்க.

எங்களது பழைய வீடு, அதோட வெளிச்சுவர்ல உங்க கம்பெனி இன்சுலேஷன் போட்டுச்சு, அதாவது குளிர் உள்ள வராம இருக்க சுவர்மேல போர்டு ஒட்டி அதுமேல பூச்சு பூசினாங்க. கனமான செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரைல கட்டினது, நடுவுல இடைவெளி கிடையாது. சர்வேக்கு வந்தவர்கிட்ட முதல் நாளே இதைச் சொன்னேன். அந்த மாதிரி சுவர் மழையில கொஞ்சம் ஈரத்தை இழுக்கும், அப்புறம் காத்துல வெளிய விட்டுடும், இத்தனை வருஷமா அப்படித்தான் நின்னுது. உங்க ஆள் சுவரைத் தட்டிப் பார்த்தார், டேப் வச்சு அளந்தார், போட்டோ எடுத்தார், கிளம்பிட்டார். ஈரம் பார்க்கற மீட்டரை பையை விட்டு வெளியவே எடுக்கல. மேல மழைத்தண்ணி பைப் ஒழுகி பின்பக்கச் சுவர் நனைஞ்சிருந்ததைக் கையைக் காட்டிச் சொன்னேன். "போர்டு போட்டா எல்லாம் மறைஞ்சிடும் சார்"னு சொன்னார். மறைக்கறதுக்கா நான் பணம் கொடுத்தேன்? முதல்ல ஒழுகலை நிறுத்தணும், சுவரைக் காய விடணும், அதுக்கப்புறம்தான் போர்டு. உங்க கம்பெனிக்குத் தெரியாத விஷயம் இல்ல இது, நீங்க கொடுத்த மேனுவல்லயே இருக்கு.

இப்ப ஜன்னல் சுத்தி கருப்பா பூஞ்சை, மூலையில பீரோவுக்குப் பின்னாடி பூஞ்சை, தரையை ஒட்டி பெயின்ட் உரிஞ்சு உப்பு பூத்து நிக்குது. அம்மாவுக்கு ராத்திரி ஃபுல்லா இருமல். வீடே போச்சு சார், நான் சம்பாதிச்சது மொத்தமும் இந்தச் சுவர்லதான் போச்சு.

இதுல எனக்கு ஆறவே ஆறாத விஷயம் உங்க கஸ்டமர் கேர்ல பேசின அந்த ஆள். பேர் கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டார். நான் விவரம் சொல்லி முடிக்கறதுக்குள்ள "பழைய வீடுன்னா பூஞ்சை வரத்தான் செய்யும், வீட்டுக்குள்ள துணி காயப்போடறீங்களா, ஜன்னலைத் திறந்து வைங்க"னு சொன்னார். ஏங்க, இன்சுலேஷன் போடறதுக்கு முன்னாடியும் இதே வீடு, இதே துணி, இதே ஜன்னல், அப்ப ஒரு பொட்டு பூஞ்சை கிடையாதே, இதைச் சொன்னதுக்கு "உங்களுக்கு டெக்னிக்கலா ஒண்ணும் புரியாது, நான் எவ்வளவு நேரம் கேட்டுட்டு இருக்கறது"ன்னு போனை வச்சுட்டார். என் வயசுக்கு என்கிட்ட யாரும் அப்படிப் பேசினதில்ல. அந்தக் கால் ரெக்கார்டிங் உங்ககிட்ட இருக்கும், எடுத்துக் கேளுங்க.

எனக்குப் புரியாதுன்னு சொன்னாரே, புரிஞ்சதைச் சொல்றேன். வெளிப்பக்கமா இன்சுலேஷன் போட்டா சுவர் கதகதப்பா இருக்கணும், பூஞ்சை குறையணும், அதுதான் இந்த வேலையோட பயனே. ஆனா ஜன்னலைச் சுத்தி உள்வாங்கி இருக்கற ஓரத்துல உங்க ஆளுங்க போர்டே வைக்கல, ஃப்ரேம்ல இடம் இல்லைன்னு வெறும் பூச்சு பூசி விட்டுட்டாங்க. அங்க ஒரு 20, 30 மில்லிமீட்டர் மெல்லிசு போர்டாவது வச்சிருக்கணும். சுவர் மொத்தமும் சூடா இருந்து அந்த ஓரம் மட்டும் சில்லுனு இருந்தா உள்ள இருக்கற ஈரக்காத்து அங்கதானே போய்த் தண்ணியா நிக்கும். பூஞ்சை சரியா அந்தக் கோட்டுலதான் வந்திருக்கு, போட்டோ அனுப்பியிருக்கேன், பார்த்தாங்களான்னே தெரியல.

அப்புறம் மெட்டீரியல். சுண்ணாம்புச் சுவர்மேல தெர்மாகோல் போர்டு, அதுமேல அக்ரிலிக் பூச்சு. ஏற்கனவே நனைஞ்ச சுவர், ஈரத்துணியை பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டி வச்ச மாதிரி ஆகிடுச்சு. இந்த மாதிரி வீட்டுக்கு ராக் வூலோ (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு) மர நார் போர்டோ போட்டு மேல சுண்ணாம்புப் பூச்சோ சிலிகேட் பூச்சோ பூசணும், ஈரம் வெளிய போக வழி இருக்கும். உங்க கேட்லாக்ல ராக் வூல் சிஸ்டமும் இருக்கு, நானே பார்த்தேன். பழைய சுவர்னு தெரிஞ்சும் எனக்கு ஏன் அதைச் சொல்லல?

ஜன்னல் திண்டையும் நீட்டல. சுவர் முன்னாடி வந்துடுச்சு, திண்டு பழைய இடத்துலயே நிக்குது, மழைத்தண்ணி வெளிய சொட்டாம நேரா போர்டுக்குப் பின்னாடி இறங்குது. புதுப் பூச்சைத் தாண்டி திண்டு நல்லா வெளிய நீட்டியிருக்கணும், அடியில தண்ணி சொட்டி விழ ஒரு பள்ளக்கோடு இருக்கணும், ரெண்டு முனையும் அடைச்சிருக்கணும். 1990கள்ல அமெரிக்காவுல வட கரோலினா மாநிலத்துல வில்மிங்டன்ல இதே மாதிரி போர்டு, பூச்சு போட்ட வீடுங்க ஜன்னல் ஓரமா தண்ணி புகுந்து உள்ள இருந்த மரமெல்லாம் அழுகிப் பெரிய பிரச்சினையாச்சு, அதுக்கப்புறம்தான் அங்க தண்ணி வடியற வழியோட போட ஆரம்பிச்சாங்க. அத்தனை வருஷத்துக்கு முன்னாடி தெரிஞ்ச விஷயம் இது. எங்க வீட்டுல மர உத்தரத்தோட முனையெல்லாம் சுவருக்குள்ளதான் இருக்கு, அது அழுகினா மாடியே இறங்கிடும், அதுக்கு யார் பொறுப்பு?

நேர்ல வரச்சொன்னீங்களேன்னு லீவு போட்டு ஃபைல், போட்டோ எல்லாம் எடுத்துக்கிட்டு உங்க ஆஃபீஸுக்கு வந்தேன். காலையில இருந்து உட்கார வச்சு, சாயந்திரம் டெக்னிக்கல் சார் சைட்டுக்குப் போயிட்டார்னு சொன்னாங்க. வரச்சொன்னதே நீங்கதானே! போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல. அப்புறம் ரிசப்ஷன்ல ஒருத்தர் இது காண்டிராக்டர் தப்பு, அவர்கிட்ட கேளுங்கன்னார். காண்டிராக்டரைக் கேட்டா கம்பெனி மெட்டீரியல், கம்பெனி டிசைன்னு சொல்றார். பில் உங்க பேர்ல, வாரன்ட்டி கார்டு உங்க பேர்ல.

மறந்துட்டேன், வெளி லைட்டு மாத்த எலக்ட்ரீஷியன் வந்து ஒரு போர்டை வெட்டினப்போ பின்னாடி அங்கங்க உருண்டை உருண்டையா பசை வச்சிருந்ததுதான் இருந்துச்சு. ஓரம் முழுக்க சுத்திப் பசை போட்டு நடுவுலயும் வச்சு குறைஞ்சது 40 சதவீதமாவது ஒட்டியிருக்கணும், இல்லைன்னா பின்னாடி குளிர்காத்து ஓடும், இன்சுலேஷன் போட்டும் புண்ணியமில்ல. ஜன்னல் மூலையில பூச்சுக்குள்ள சாய்வா மெஷ் (வலை) துண்டு வைக்காததால மூலைக்கு மூலை விரிசல். தரைக்கு அடியில காத்துப் போக இருந்த ஓட்டைங்களை போர்டு வச்சு மூடிட்டாங்க, கீழ மரத்தரை சார், அதை மூடலாமா? போர்டை மண்ணுக்குள்ளயே இறக்கியிருக்காங்க. தரைமட்டத்துல இருந்து 150 மில்லிமீட்டராவது மேல, போர்டைத் தாங்கற ரெயில் (நீளப் பட்டை) அடிச்சு ஆரம்பிச்சிருக்கணும், கீழ தண்ணி இழுக்காத போர்டுதான் வைக்கணும்.

நான் சண்டைக்கு வரல சார். உங்க கம்பெனி பெரிய கம்பெனின்னு நம்பித்தான் கொடுத்தேன், இப்பவும் நீங்களே சரிபண்ணிக் கொடுத்தா சந்தோஷம்தான். காண்டிராக்டரோட சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினியரை உங்க செலவுல அனுப்பி, மீட்டர் வச்சு ஈரம் பார்க்கச் சொல்லுங்க, ரெண்டு மூணு இடத்துல போர்டைப் பிரிச்சு உத்தர முனையைப் பார்க்கட்டும், ரிப்போர்ட்டோட ஒரு காப்பி எனக்கும் வேணும். மூடின காத்து ஓட்டையை உடனே திறந்து விடுங்க, அது ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. நனைஞ்ச பக்கத்துல போர்டைக் கழட்டி, சுவர் காஞ்சப்புறம் சுவருக்கு ஏத்த மெட்டீரியல்ல திரும்பப் போடணும், ஜன்னல் ஓரமும் திண்டும் சரிபண்ணணும்.

15 நாள் டைம் தர்றேன். அதுக்குள்ள எழுத்துல பதில் வரலைன்னா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன், உங்க சிஸ்டத்துக்கு சர்டிஃபிகேட் கொடுத்தவங்களுக்கும் இதே போட்டோக்களை அனுப்புவேன். போன்ல பதில் வேண்டாம். என் வீட்டு விஷயமா அந்த கஸ்டமர் கேர் ஆளைத் திரும்பப் பேச விடாதீங்க, அவர் என்கிட்ட மன்னிப்புக் கேட்டே ஆகணும்.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்

இணைப்பு: பில், வாரன்ட்டி கார்டு, சர்வே அன்னைக்கு எடுத்த போட்டோ, இப்ப எடுத்த போட்டோ