அம்பயர் தொலைத்த எழுத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய ஆங்கிலச் சொற்கள் பற்றி வந்த கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால் வழக்கொழிந்த சொற்களுக்குப் பொருள் மட்டும் சொல்லி, அவை வந்த வழியை விட்டுவிட்டீர்கள். தினமும் புழங்கும் சொற்களிலேயே அதைவிட விநோதங்கள் உண்டு.

கிரிக்கெட் அம்பயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரெஞ்சில் 'நோன்பெர்' என்றால் இணையில்லாதவர். அதாவது இரு தரப்பிலும் சேராத மூன்றாம் ஆள். இடைக்கால ஆங்கிலத்திலும் இந்தச் சொல் 'ந'வில்தான் தொடங்கியது. முன்னால் வரும், 'ஒரு' என்று பொருள்படும் 'எ' (a) என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்லிச் சொல்லி, 'ந்' அந்தப் பக்கம் ஒட்டி 'அன்' (an) ஆகிவிட்டது. மிஞ்சியவர் அம்பயர். சமையலறை ஏப்ரனும் ஒருகாலத்தில் 'நேப்ரன்'தான். அதன் உறவான நாப்கின் மட்டும் தப்பித்துக்கொண்டது.

நிக்நேமில் நடந்தது தலைகீழ். 'ஈக்' என்றால் கூடுதல். 'அன் ஈக்நேம்' என்றதில் 'ன்' இந்தப் பக்கம் தாவி நிக்நேம் ஆனது. நம் பட்டப்பெயரும் கூடுதல் பெயர்தானே!

ஆரஞ்சையும் இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அது சரியல்ல, ஆங்கிலத்துக்கு வருமுன்பே அது 'ந'வைத் தொலைத்துவிட்டது. ஸ்பானியர்கள் இன்றும் 'நரான்ஹா' என்கிறார்கள்.

கட்டுமரம் 'கேட்டமரன்' ஆன கதையையே எத்தனை முறை அச்சிடுவது? 1928இல் முதல் பதிப்பு நிறைவடைந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, ஒவ்வொரு சொல்லும் எழுத்தில் வந்த காலத்தை மேற்கோளோடு தருகிறது. அடுத்த கட்டுரையில் சொல்லுக்கு ஓர் ஆண்டாவது சேர்த்துப் போடுங்கள்.

ஒரு வாசகர்,
கும்பகோணம்