பழைய கேம் கேசட்டுகளை லோரியில் ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் பழைய பேப்பர் லோரிக்காரருக்கு நல்ல வியாபாரம்தான், ஆனால் நாளிதழ், ஓடாத மின்விசிறி எல்லாவற்றோடும் சேர்ந்து பிள்ளைகள் ஒரு காலத்தில் விளையாடிய டிவி கேம், கேசட், சிடி எல்லாமும் லோரியில் ஏறிப் போய்விடுகின்றன. அதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஞாயிறு காலையில் பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் தரையில் பரப்பிய பொருள்களுக்கு நடுவே குனிந்து தேடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். பழைய பொருள்களை விற்கும் பண்டல் கடைகளையும் விடுவதில்லை. ஜப்பானிலிருந்து வந்து இறங்கும் பழைய விளையாட்டுகள் அங்கே கண்ணில் படும். நிண்டெண்டோ நிறுவனத்தின் கையடக்கக் கருவிகளான கேம் பாய், டிஎஸ் இரண்டின் கேசட் என்றால் ஜப்பானில் வாங்கியதுகூட நம் கருவியில் பெரும்பாலும் ஓடிவிடும், அதற்குப் பின் வந்த த்ரீடிஎஸ் கேசட் ஓடாது, வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆசை நம்ம ஊர் வீடுகளிலிருந்து வருவதன்மேல்தான். முதல் பிளேஸ்டேஷன் காலத்தில் இங்கே பாதிப் பேர் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய திருட்டு சிடியில்தான் விளையாடினோம், மறைப்பானேன். அதனால் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும் அசல் பிளேஸ்டேஷன் சிடி ஒன்று பினாங்கு வீட்டு அலமாரியிலிருந்து வந்தால் அது அபூர்வம்.

"அது கெட்டுப்போச்சு தம்பி, ஓடாது" என்று அம்மாக்கள் சொல்வார்கள். பெரும்பாலும் கெட்டிருக்காது. போக்கிமோன் கோல்டு, சில்வர் போன்ற கேசட்டுகளுக்குள் ஒரு சின்ன வட்ட பேட்டரி இருக்கிறது, சேமித்து வைத்த ஆட்டத்தையும் கடிகாரத்தையும் அதுதான் காக்கிறது. இருபது வருடத்தில் பேட்டரி செத்தால் சேமித்தது போகும், விளையாட்டு போகாது. அது தனிச் சில்லில் இருக்கிறது. சால்டரிங் தெரிந்தவர் புதுப் பேட்டரி வைத்துத் தருவார். திரையே வராவிட்டால் பித்தளை நிறத்தில் தெரியும் முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும். வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் அந்த முனைகளை அரித்துவிடும், நிண்டெண்டோவே வேண்டாம் என்று சொன்ன பழக்கம் அது.

இணையத்தில் எல்லாம் கிடைக்குமே என்பார்கள். கிடைக்காது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்று பழைய விளையாட்டுகளைப் பாதுகாக்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023ல் கணக்கெடுத்துச் சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில் நிண்டெண்டோ தன் த்ரீடிஎஸ், வீ யூ கருவிகள் இரண்டுக்கும் இருந்த இணையக் கடையை மூடிவிட்டது. 2025ல் வந்த அதன் சுவிட்ச் 2 கருவிக்கு விற்கும் சில விளையாட்டு அட்டைகளில் விளையாட்டே இல்லை, வெறும் சாவிதான், விளையாட்டை இணையக் கடையிலிருந்து பதிவிறக்க வேண்டும். அந்தக் கடையும் ஒருநாள் மூடினால்? உங்கள் வீட்டுப் பழைய கேசட்டுக்கு அந்தக் கவலையே இல்லை.

கைத்தொலைபேசியில் விலை பார்த்துவிட்டு மொத்தக் கூடையையும் அள்ளிப் போகிற மறுவிற்பனைக்காரர்கள்மேல் பலருக்குக் கோபம். எனக்கு அவ்வளவாக இல்லை, அவர்களாவது குப்பைக்குப் போகாமல் காப்பாற்றுகிறார்கள்.

சரி, வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டால் கருவி, வயர், அடாப்டர், கேசட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பண்டல் கடையிலோ சந்தையிலோ கொடுங்கள். வயர் தனியாகப் போய்விட்டால் கருவியைச் சோதித்துப் பார்க்கக்கூட வழியில்லாமல் அது அங்கேயே கிடக்கும். அட்டைப் பெட்டி இருந்தால் அதையும் கிழிக்காமல் கொடுங்கள்.

அப்புறம் கடைக்காரர்களுக்கு ஒன்று: விலைச் சீட்டைக் கேசட்டின் படத்தின்மேல் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது படமும் சேர்ந்து வருகிறது. பின்பக்கம் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு