எந்தப் பிரதி என்று சொல்லுங்கள்: தமிழ் வேதாகமத் திருத்தக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வாழ்த்துகள்.

தமிழ் வேதாகமத்தைத் திருத்துவோர், அடிக்குறிப்பு எழுதுவோர், மெய்ப்புப் பார்ப்போர் எல்லாருக்கும் இந்த மடல். நாங்கள் கேட்பது ஒன்றுதான். “சில பழைய பிரதிகளில் இவ்வசனம் இல்லை” என்ற ஒற்றை வரியோடு அடிக்குறிப்பை முடித்துவிடாதீர்கள். எந்தப் பிரதி, எந்த மொழி, எந்த நூற்றாண்டு, வேறுபாடு எப்படி வந்திருக்கும் என்ற நான்கும் வாசகருக்குத் தெரிய வேண்டும். “சில” என்பது இரண்டா இருநூறா, 4-ஆம் நூற்றாண்டா 14-ஆம் நூற்றாண்டா என்று தெரியாமல் அவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

கோலியாத்தின் உயரத்தையே எடுத்துக்கொள்வோம். 1 சாமுவேல் 17:4-இல் “ஆறு முழமும் ஒரு ஜாணும்” என்று படிக்கிறோம். முழத்துக்கு இரண்டு சாண். முழத்தை 45 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 2.9 மீட்டர். சாக்கடலை ஒட்டிய கும்ரானின் 4-ஆம் குகையில் 1952-இல் கிடைத்த சாமுவேல் சுருளில் இருப்பதோ “நான்கு முழமும் ஒரு சாணும்”, அதாவது சுமார் 2 மீட்டர். அந்தச் சுருள் கி.மு. 1-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டு வத்திக்கான் கிரேக்கப் பிரதியும், 1-ஆம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸும் நான்கு முழம் என்றே சொல்கிறார்கள். ஆறு முழம் சொல்லும் மசோரெத்திய எபிரெயப் பாடத்துக்கு (யூத அறிஞர்கள் வழிவழியாகக் காத்துவந்த பாடம்) இன்று அச்சுப் பதிப்புகள் பெரிதும் நம்பியிருக்கும் லெனின்கிராட் பிரதி எழுதப்பட்டது கி.பி. 1008-இல். இவ்வளவையும் இரண்டே வரியில் அடக்கலாம்:

“ஆறு முழம்: மசோரெத்திய எபிரெயப் பாடம். நான்கு முழம்: கும்ரான் சாமுவேல் சுருள் (கி.மு. 1-ஆம் நூ.), வத்திக்கான் கிரேக்கப் பிரதி (கி.பி. 4-ஆம் நூ.), யோசேப்பஸ்.”

ஓலைச்சுவடிகளிலிருந்து சங்க நூல்களை அச்சேற்றியவர்கள் பக்கத்தின் அடியில் பிரதிபேதம், அதாவது பிரதிக்குப் பிரதி சொல் மாறும் இடங்களை, கொடுத்தார்கள். அதைப் பார்த்து எந்தத் தமிழ் வாசகரும் நூலின் மேல் நம்பிக்கை இழக்கவில்லை. கையால் படியெடுத்த எந்த நூலுக்கும் பாடபேதம் உண்டு என்பது நம் மக்களுக்குத் தெரிந்த விஷயம். வேதாகமத்துக்கு மட்டும் அதை மறைப்பானேன்?

அடுத்தது, அதே புத்தகத்தில் 10:27. சவுல் ராஜாவைப் பற்றி “அவனோ காது கேளாதவன்போல இருந்தான்” என்று அதிகாரம் முடிகிறது. அடுத்த வரியில் அம்மோனியனாகிய நாகாஸ் திடீரென யாபேஸ் நகரை முற்றுகையிட்டு, எல்லாருடைய வலது கண்ணையும் பிடுங்குவேன் என்கிறான். ஏன் வலது கண், ஏன் யாபேஸ் என்பதற்கு நம் பாடத்தில் பதில் இல்லை. கும்ரான் சுருளில் இந்த இடத்தில் ஒரு பத்தியே கூடுதலாக இருக்கிறது: இஸ்ரவேலின் காத், ரூபன் கோத்திரத்தாரை நாகாஸ் ஒடுக்கி வலது கண்களைப் பிடுங்கினான், 7,000 பேர் தப்பி யாபேசுக்குள் நுழைந்தார்கள், அதன்பின் “ஏறக்குறைய ஒரு மாதம் கழிந்து” அவன் யாபேசுக்கு வந்தான். யோசேப்பஸுக்கும் இந்தச் செய்தி தெரிந்திருக்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பில் பத்தி இல்லை. “ஒரு மாதம் கழிந்து” மட்டும் இருக்கிறது.

“காது கேளாதவன்போல” எப்படி “ஒரு மாதம் கழிந்து” ஆகும்? எபிரெயத்தில் ரேஷ், தாலெத் என்ற இரண்டு எழுத்துகளும் ஒரு மூலையின் வளைவில்தான் வேறுபடுகின்றன. உயிர்க்குறியாக நிற்கும் எழுத்துகளை விட்டுப் பார்த்தால் ஒரு பாடம் க-ம-ஹ-ர-ஷ, மற்றது க-ம-ஹ-த-ஷ. பழைய ஓலைகளில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருந்து படியெடுத்தவர்களை எப்படித் தடுமாற வைத்ததோ, அதே கதைதான் இங்கேயும். பத்தி விடுபட்டதற்கு, இரண்டு பத்திகளும் நாகாஸின் பெயரோடு தொடங்குவதால் எழுதியவரின் கண் தாவியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அது பின்னால் சேர்ந்த விரிவு என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. எனவே பத்தியை மூலத்துக்குள் நுழைக்கச் சொல்லவில்லை. முழுப் பத்தியையும் அடிக்குறிப்பில் தமிழில் தாருங்கள் என்கிறோம்.

பழையது என்பதாலேயே சரியானது என்று ஆகிவிடாது. அதையும் குறிப்பில் காட்டுங்கள். 145-ஆம் சங்கீதம் எபிரெய அகரவரிசையில் அடி தொடங்கும் பாட்டு. எழுத்து 22, வசனமோ 21. 13-ஆம் வசனம் மேம் எழுத்தில் தொடங்குகிறது, 14-ஆம் வசனம் சாமெக்கில். நடுவில் வரவேண்டிய நூன் இல்லை. கும்ரான் 11-ஆம் குகைச் சங்கீதச் சுருளில் அந்த அடி இருக்கிறது: “தேவன் தம் வார்த்தைகளில் உண்மையுள்ளவர், தம் செயல்களிலெல்லாம் கிருபையுள்ளவர்.” கிரேக்கத்திலும் உண்டு. அகரவரிசை நூல்களில் ஊறிய நமக்கு, தொலைந்த அடி கிடைத்தது என்று உடனே தோன்றும். ஆனால் அதன் பின்பாதி 17-ஆம் வசனத்தின் பின்பாதியேதான். பாட்டில் மற்ற இடங்களில் கர்த்தரின் திருப்பெயர் வருகிறது. இந்த அடியில் “தேவன்” என்ற பொதுச்சொல். இடைவெளியைக் கண்டு யாரோ நிரப்பியிருக்கவும் இடமுண்டு. குறிப்பில் இரு பக்கமும் வரட்டும்.

உங்கள் குழுவில் அதிக வாக்குவாதம் எழப்போவது உபாகமம் 32:8-இல் என்று நினைக்கிறோம். ஜாதிகளின் எல்லைகள் யாருடைய தொகைப்படி வகுக்கப்பட்டன என்று சொல்லும் வசனம் அது. “இஸ்ரவேல் புத்திரருடைய தொகைக்குத்தக்கதாய்” என்ற இடத்தில் கும்ரான் துணுக்கு ஒன்று “தேவ புத்திரர்” என்கிறது. கிரேக்கப் பிரதிகள் “தேவ புத்திரர்” என்றோ “தேவதூதர்” என்றோ சொல்கின்றன. சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் தோண்டியெடுத்த உகாரித்து என்ற பழைய நகரத்தின் களிமண் பலகைகளில் அதிரத் தேவிக்கு 70 புதல்வர்கள். ஆதியாகமம் 10-இல் எண்ணிப் பார்த்தால் ஜாதிகளும் 70. பிற்காலத்தவருக்கு “தேவ புத்திரர்” நெருடியதால் மாற்றினார்கள் என்ற விளக்கமே எங்களுக்கு வலுவாகப் படுகிறது. இது எழுத்துப் பிழை அல்ல, வேண்டுமென்றே செய்த மாற்றம். இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்காதீர்கள்.

புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்கள் அவசரம். 1 யோவான் 5:7-இல் “பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி” என்ற மூவர் சாட்சி லத்தீன் மரபிலிருந்து வந்தது. பழைய கிரேக்கப் பிரதிகள் எதிலும் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்த எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை, 1522-இல் சேர்த்தார். மாற்கு 16:9-20 வத்திக்கான், சீனாய் என்ற பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. ஆனால் 2-ஆம் நூற்றாண்டின் திருச்சபைத் தந்தை இரேனேயுவுக்கு 19-ஆம் வசனம் தெரியும். மத்தேயு 17:21 மாற்கு 9:29-இன் சாயலில் வந்து சேர்ந்தது. வசன எண்கள் 1551-இல் போடப்பட்டபோது இந்த வசனம் உள்ளே இருந்ததால்தான், புதிய பதிப்புகளில் எண் 20-இலிருந்து 22-க்குத் தாவுகிறது. இதை விளக்காமல் விட்டதன் விளைவு “வசனங்களைத் திருடிவிட்டார்கள்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள். தரங்கம்பாடியில் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தபோது சீனாய்ப் பிரதி அறிஞர் கையில் இல்லை. அதை மொழிபெயர்த்த சீகன்பால்க் ஐயர் மேல் குறை சொல்ல ஏதுமில்லை. நம் கையில் இருக்கிறது.

அச்சு வேலைக்குச் சில சொற்கள். அடிக்குறிப்புக்கு எண் போடாதீர்கள், வசன எண்ணோடு குழம்பும். அ, ஆ, இ போடுங்கள். பாடபேதத்தையும் “இப்படியும் மொழிபெயர்க்கலாம்” என்ற குறிப்பையும் கலக்காமல், முதலதற்கு “பா.பே.” என்று முன்னொட்டு கொடுங்கள். மூலத்துக்குள் அடைப்புக்குறி வேண்டாம். ஆராதனையில் உரக்க வாசிப்பவர் அங்கே தடுக்கி நிற்பார். சான்றுகளை எபிரெயம், கிரேக்கம், சீரியம், லத்தீன் என்று எங்கும் ஒரே வரிசையில் தாருங்கள். செயலிக்குக் கோப்பு தரும்போது அடிக்குறிப்புகள் தனிக் கோப்பாகப் போனால் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. வசனத்தோடு பிணைத்தே அனுப்புங்கள்.

முழு வேதாகமத்துக்கும் இதை ஒரே மூச்சில் செய்ய முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். சாமுவேலின் இரண்டு புத்தகங்களில் தொடங்குங்கள். எபிரெய, கிரேக்கச் சான்றுகளை ஒப்பிட்டுப் பட்டியலிட்டுத் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
எபிரெயமும் கிரேக்கமும் கற்பிக்கும் சிலர்