வெண்பா பாடத் தெரியாத விருந்தாளி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நலமாக வந்து சேர்ந்தேன். பெரியம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை விழுப்புரம் வரைகூடத் தாங்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மடிக்கணினிக்குள் என்னத்தைக் குடிவைத்துவிட்டுப் போனேன் என்று கேட்டிருந்தீர்கள். பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதினால் என்ன என்று கேட்டபோது, “என் பெயரை மட்டும் போடாதே” என்றீர்கள். போடவில்லை.

“நான் எழுதுவதெல்லாம் எவன் வீட்டுக்குப் போகிறது?” என்பதுதானே உங்கள் முதல் கேள்வி? செல்பேசியில் கிடைக்கும் உரையாடல் உதவியாளர்களிடம் நாம் கேட்பது பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் கணினிக்குப் போய்த்தான் பதிலாகத் திரும்புகிறது. உங்களுக்கு அது பிடிக்காது என்று தெரியும். அதனால்தான் ஒல்லாமா என்ற இலவச மென்பொருளைப் போட்டு, யாரும் தரவிறக்கிக்கொள்ளலாம் என்று வெளியிடப்பட்டிருக்கும் ஒரு சிறிய மொழி மாதிரியை, அதாவது அடுத்த சொல் எதுவென்று கணித்துக் கணித்துப் பதில் எழுதும் நிரலை, அதற்குள் இறக்கினேன். 2023 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா தன் லாமா என்ற மொழி மாதிரியை ஆராய்ச்சியாளர்களுக்கு என்று வெளியிட்டது. அடுத்த மாதமே பல்கேரியாவைச் சேர்ந்த கெர்கானோவ் என்ற நிரலாளர் அதைச் சாதாரண மடிக்கணினியில் ஓடவைக்கும் நிரலை எழுதிவிட்டார். உங்கள் மேசைமேல் நடக்கும் கூத்துக்கு அதுவே தொடக்கம்.

உங்கள் கணினியில் இறக்கிய மொழி மாதிரி என்பது சுமார் 400 கோடி எண்கள், அவ்வளவுதான். ஒவ்வோர் எண்ணையும் 16 பிட்டில் வைத்தால் 8 ஜிபி ஆகும். உங்கள் கணினியின் மொத்த நினைவகமே 8 ஜிபிதான். எனவே 4 பிட்டாகச் சுருக்கியதை எடுத்தேன். முந்திரி, காணி வரை துல்லியமாக எழுதிவைத்த கணக்கை அரை, கால் என்று முழுதாக்கிக்கொள்வதைப் போல. கொஞ்சம் தரம் குறையும், ஆனால் வீட்டுக்குள் நுழையும். இறங்கி முடிந்ததும் வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கினீர்கள். அது பாட்டுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தது. நீங்கள் மேசைக்கு அடியில் குனிந்து வேறு வயர் இருக்கிறதா என்று பார்த்ததைப் பெரியம்மா இன்னும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு எந்த உரையாடலிலும் அது பின்பற்ற வேண்டிய நிலையான கட்டளையை எழுதினேன். “நீ ஒரு உதவியாளர். தெரியாததைத் தெரியாது என்று சொல்.” நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வேலையாக ‘ஒரு’வை ‘ஓர்’ ஆக்கினீர்கள். கட்டளை இலக்கணச் சுத்தமாயிற்று. கட்டளைக்குப் பணிதல் வேறு விஷயம்.

அதுதான் வெண்பாவில் தெரிந்துபோயிற்று. காவிரியைப் பற்றி ஒரு நேரிசை வெண்பா கேட்டீர்கள். கண்ணிமைக்கும் நேரம் என்று சொல்ல முடியாது, உங்கள் கணினிக்கு அவ்வளவு மூச்சு இல்லை. சொல் சொல்லாக, திண்ணையில் வெற்றிலை போடுகிறவர் பேசுவதைப் போல, நான்கு அடி வந்தது. நீங்கள் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நேர், நிரை என்று அலகிட ஆரம்பித்தீர்கள். முதல் அடியிலேயே தளை தட்டியது. மூன்றாம் அடியில் ஐந்து சீர். நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டிய ஈற்றுச்சீர் ‘மகிழ்ச்சியே’ என்று கருவிளமாகப் பல்லைக் காட்டியது. தவறு என்று தட்டச்சினீர்கள். “மன்னிக்கவும் ஐயா, நீங்கள் சொல்வது மிகச் சரி” என்று சொல்லிவிட்டு அதையே சீர் மாற்றி எழுதித் தந்தது. அப்புறம் வேண்டுமென்றே தப்பாக, “வெண்பாவின் ஈற்றடிக்கு ஐந்து சீர் அல்லவா?” என்று கேட்டீர்கள். அதற்கும் “மிகச் சரி ஐயா.”

“நாகஸ்வரக்காரன் எதை வாசித்தாலும் இது ஒத்து ஊதுமடா” என்றீர்கள். நான் படித்த தொழில்நுட்பக் கட்டுரைகள் எதிலும் இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

அது ஏன் சீரைக் கோட்டைவிடுகிறது என்று அன்றைக்கு உங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. ‘தமிழ்’ என்பது உங்களுக்கு மூன்று எழுத்து, ஒரு நிரையசை. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அது ஐந்து குறியீடு, ஏனென்றால் இகரக் கொக்கியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். சேமிக்கும்போது 15 பைட். மாதிரியோ இதை எழுத்தாகவும் பார்ப்பதில்லை, அசையாகவும் பார்ப்பதில்லை. தான் விழுங்கிய உரைகளில் அடிக்கடி சேர்ந்து வந்தவற்றை வைத்துச் சொல்லைத் துண்டு போடுகிறது. அந்தத் துண்டு குறிலையும் நெடிலையும் மதிப்பதில்லை. விழுங்கியதில் ஆங்கிலம் மலையளவு, தமிழ் கடுகளவு. ஆகவே நம் சொற்கள் இன்னும் பொடியாக நொறுங்குகின்றன, பதிலும் அதனாலேயே மெதுவாக வருகிறது.

391ஆம் குறளைக் கேட்டபோது இரண்டு அடியைத் தானே இட்டுக்கட்டி, பொருளுரையும் எழுதியது நினைவிருக்கிறதா? நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்வி அதிகாரத்தின் முதல் குறள் உங்களுக்கு மனப்பாடம். அது தெரியாத பிள்ளை அந்தப் போலியை அப்படியே தேர்வில் எழுதிவிட்டு வரும். வெப்பநிலை என்று ஓர் அமைப்பு உண்டு, அதை 0.2க்குக் குறைத்திருக்கிறேன். அடுத்த சொல்லைத் தேர்வதில் துணிச்சல் குறையும். பொய் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். அதே பொய்யை மாற்றாமல் சொல்லும், அவ்வளவுதான்.

வங்கிக்கு முகவரி மாற்றக் கடிதம் ஆங்கிலத்தில் நன்றாகவே எழுதியது. கணக்கு எண்ணுக்கு இடம்கூட விட்டிருந்தது. அந்த மாதிரி வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கால் மாத்திரையைப் பற்றி மட்டும் அதனிடம் கேட்க வேண்டாம். புதிய உரையாடல் தொடங்கினால் பழையது அதற்கு நினைவிருக்காது என்பதையும் மறந்துவிடாதீர்கள். நேற்று சொன்னேனே என்று கோபித்துப் பயனில்லை.

கடைசி நாள் மாலை, “நீ போய்க் காபி குடித்துவிட்டு வா” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். கேட்டதையே திருப்பிப் போட்டுக் கேட்கும் சின்ன நிரல். அவர் அதை உருவாக்கியதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் பேச உட்கார்ந்தபோது அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். காபி ஆறும்வரை முற்றத்தில் உட்கார்ந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பேசியவை திரையின் இடப்பக்கப் பட்டியலில் வரிசையாக இருக்கும். அன்று மாலையில் பேசியதும் அங்கேதான் இருக்கிறது. கிளம்புமுன் கணினியை அணைத்தவன் நான், ஆனால் அதைத் திறக்கவில்லை. அழிக்க வேண்டுமென்றால் பெயரின்மேல் வலப்பக்கச் சொடுக்குப் போட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால் கூப்பிடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்